விரிவாக்கம் தெரிந்தால் போதுமா?



ஒவ்வோர் ஆண்டும் செய்முறைத் தேர்வின்போது நம் லேபில் ஒரு சடங்கு நடக்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "சாட்டா, எக்ஸ்பேன்ஷன் சொல்லு" என்பார். மூச்சு விடாமல் ஒப்பிப்போம். "யு.எஸ்.பி.?" அதையும் ஒப்பிப்போம். "சரி, அடுத்த ஆளை வரச்சொல்லு." வைவா முடிந்தது. வெளியே காத்திருக்கும் நண்பர்கள் "என்னடா கேட்டாரு?" என்று மொய்ப்பார்கள். "எல்லாம் எக்ஸ்பேன்ஷன்தான் மாப்ளே, ஈஸி" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்கு நடப்போம்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறியே, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்னு சொல்லி குடுத்தாங்க, சிஸ்டத்துல 931-தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? அந்த இடத்தில் எந்த விரிவாக்கமும் கை கொடுக்காது. அரிச்சந்திரன் என்று பேர் வைத்ததால் மட்டும் ஒருவன் உண்மை பேசிவிடுவானா? பெயரின் விரிவு வேறு, பொருளின் அறிவு வேறு. நாம் முதலாவதை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவது வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையில் நான் வைக்கும் குற்றச்சாட்டு.

உதாரணத்துக்கு அந்த சாட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் 'ஏ.டி.' என்ன? 1984-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'பி.சி. ஏ.டி.' என்ற கம்ப்யூட்டரின் பெயர் அது. அந்த மாடலில் ஹார்ட் டிஸ்க்கை இணைத்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் நம் அண்ணன்மார் ஐ.டி.இ. என்று அழைத்த 40 பின் பட்டைக் கேபிள். அதன் வாரிசு, 7 பின் மட்டுமே உள்ள மெல்லிய சாட்டா கேபிள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மாடலின் பெயரை இன்றைக்கும் நாம் 'அட்வான்ஸ்டு டெக்னாலஜி' என்று பக்தியோடு ஒப்பிக்கிறோம். அதை ஒப்பிப்பதால் டிஸ்க் ஏன் காட்டவில்லை என்பது தெரிந்துவிடுமா?

மூன்று கேள்விகள்

எந்தச் சேமிப்புச் சாதனம் கையில் கிடைத்தாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் கருத்து. ஒன்று, இது எதில் எழுதுகிறது? இரண்டு, எந்த வாய்க்குள் நுழைகிறது? மூன்று, எந்த மொழியில் பேசுகிறது?

கடையிலும், விளம்பரத்திலும், சில நேரம் வகுப்பிலும்கூட இந்த மூன்றும் ஒரே குழம்பாகக் கலக்கப்படுகின்றன. "எஸ்.எஸ்.டி. வேணுமா, எம்.2 வேணுமா, என்.வி.எம்.இ. வேணுமா?" என்று ஒரு கடைக்காரர் கேட்கிறார். "சாப்பாடு வேணுமா, வாழை இலை வேணுமா, பந்தி வேணுமா?" என்று கேட்பது போலத்தான் இது. எஸ்.எஸ்.டி. என்பது எழுதப்படும் பொருளைச் சொல்கிறது. எம்.2 என்பது வடிவத்தையும் வாயையும் சொல்கிறது. என்.வி.எம்.இ. என்பது பேசும் மொழியைச் சொல்கிறது. ஒரே குச்சிக்கு இந்த மூன்று பெயரும் ஒருசேரப் பொருந்தலாம்!

எதில் எழுதுகிறது?

முதல் கேள்விக்கு இன்று பெரும்பாலும் இரண்டே பதில்கள். ஒன்று காந்தம், இன்னொன்று மின்னூட்டம்.

காந்தத்தின் கதை 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக் எந்திரத்தின் டிஸ்க் அலகிலிருந்து தொடங்குகிறது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று நம் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதில் அடங்கினாலே அதிசயம். அதற்கு ஒரு டன் எடை! அன்று முதல் இன்றுவரை ஹார்ட் டிஸ்க்கின் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டு, அதன்மேல் தொடாமல் மிதக்கும் தலை, காந்தத் துகள்களின் திசையில் பூஜ்யமும் ஒன்றும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தட்டினால் அது கோபித்துக்கொள்கிறது. 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் எந்த சாஃப்ட்வேரும் போடாமல் கரண்ட்டை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

மின்னூட்டத்தின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. தோஷிபாவில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980-களில் ஃப்ளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன், எஸ்.எஸ்.டி. எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். மிகச் சிறிய ஒரு கூட்டுக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் எழுத்து. சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே சத்தமில்லை, அதிர்ச்சிக்கும் அவ்வளவு பயமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தக் கூடு கொஞ்சம் தேய்கிறது. ஹார்ட் டிஸ்க் அடிபட்டுச் சாகும்; ஃப்ளாஷ் உழைத்துச் சாகும்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? சொல்கிறேன். பழைய லேப்டாப்பை விற்கும்போது "ஃபார்மட் பண்ணிட்டேன்" என்று நிம்மதியாகக் கொடுத்துவிடுகிறோம். அவசர ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் மீட்பு சாஃப்ட்வேரே குடும்பப் படங்களை வெளியே எடுத்துவிடும். மேலே புதிதாக எழுதினால்தான் பழையது போகும். எஸ்.எஸ்.டி.யிலோ எந்தக் கூட்டில் எதை வைப்பது என்பதை உள்ளிருக்கும் கன்ட்ரோலரே முடிவு செய்வதால், மேலே எழுதினாலும் பழையது ஒரு மூலையில் தங்கியிருக்கலாம். அதற்கென்றே உள்ள அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒரு தங்கையின் படம் யார் கைக்கோ போகாமல் இருப்பது இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது என்றால், இது வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வியா?

எந்த வாய்? எந்த மொழி?

இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆள் மாறாட்டம் அதிகம் நடப்பது இங்கேதான்.

எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன், லேப்டாப் வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு எம்.2 குச்சி வாங்கி வந்தார். கடையில் "எம்.2 ஸ்லாட் இருக்கா? அப்ப போடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் உக்காருது தம்பி, ஸ்க்ரூகூட போட்டாச்சு, ஆனா சிஸ்டத்துல காட்டவே மாட்டேங்குது" என்றார். பார்த்தால், அந்த லேப்டாப்பின் வாய்க்குப் பின்னால் இருந்தது சாட்டா வயரிங் மட்டும். அவர் வாங்கி வந்ததோ பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையில் என்.வி.எம்.இ. பேசும் குச்சி. குச்சியும் நல்லது, லேப்டாப்பும் நல்லது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கவரைப் பிரித்ததால் திருப்பி வாங்க மாட்டோம் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். இரண்டு கல்யாண ஆர்டரின் லாபம் அந்தக் குச்சியில் போயிற்று.

ஒரே வாசல் வழியாகத் தமிழ் பேசுபவரும் வரலாம், தெலுங்கு பேசுபவரும் வரலாம். வாசல் ஒன்று என்பதால் பேச்சு புரிந்துவிடாது. எம்.2 குச்சியில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம், அவ்வளவே. விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனால் வெட்டைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அந்த வாய் எதைப் பேசும் என்று மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். வேகத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சாட்டாவின் உச்சம் விநாடிக்கு 600 மெகாபைட். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் நான்கு பாதைகள் சேர்ந்தால் சுமார் 3,900 மெகாபைட்.

டைப்-சி விஷயத்திலும் இதே கதை. 2014-ல் வந்த இந்த வாய், எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும். ஆனால் வாய் புதிது என்பதால் பேச்சும் புதிதா? 2023-ல் வந்த ஐபோன் 15-க்கு டைப்-சி வாய்தான். சாதாரண மாடலில் வேகம் மட்டும் 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0-வின் அதே 480 மெகாபிட். அதே வரிசையின் புரோ மாடலில் 10 கிகாபிட் வரை போகும். வாயை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று.

பெயர் வைப்பவர்களும் நம் குழப்பத்துக்கு உரம் போடுகிறார்கள். 2008-ல் யு.எஸ்.பி. 3.0 என்று வந்தது, 2013-ல் '3.1 ஜென் 1' ஆனது, 2017-ல் '3.2 ஜென் 1' ஆனது. மூன்றுக்கும் வேகம் அதே 5 கிகாபிட்! பெயரில் எண் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. யு.எஸ்.பி.யை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் இன்டெல்லில் பணியாற்றிய நம் நாட்டுக்காரர் அஜய் பட். ஆளுக்கொரு வடிவத்தில் இருந்த பிளக்குகளை ஒழித்து, சாதாரண மனிதன் யோசிக்காமல் செருக வேண்டும் என்பதே நோக்கம். 1996-ல் முதல் பதிப்பு வந்தபோது அது நிறைவேறும் போலிருந்தது. இன்று செருகுவதற்கு யோசிக்க வேண்டாம். வாங்குவதற்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது கம்ப்யூட்டர் துறைக்காரன் பாடு, நமக்கென்ன என்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்! பழைய சி.என்.சி. எந்திரங்கள் பலவற்றில் புரோகிராமை ஏற்றுவது இன்னும் ஆர்.எஸ்.-232 வழியாகத்தான். கேபிள் பொருந்தியும் ஏறாவிட்டால் என்ன காரணம்? பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் ஆகியவை இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை, அல்லது அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறிக் கிடக்கின்றன. வாய் சரி, பேச்சு தவறு! எனர்ஜி மீட்டர்களை வரிசையாக இணைக்கும் ஆர்.எஸ்.-485 கம்பியும், அதில் பேசப்படும் மாட்பஸ் மொழியும் வேறு வேறு. மூன்று கேள்வியும் எல்லாத் துறைக்கும் பொது.

எண்களில் உள்ள கண்ணி

இப்போது அந்த அக்காவுக்குப் பதில் சொல்வோம். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர் 'டெரா' என்றால் ஒன்றுக்குப் பின் 12 சைபர் போடுகிறார். அதாவது லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதையே 1024, 1024-ஆக மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஒரு பைட்கூடக் காணாமல் போகவில்லை. கடைக்காரர் நல்லவர்! இந்த இரட்டைக் கணக்கைத் தீர்க்க 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு 'கிபி, மெபி, கிபி' என்று தனிப் பெயர்கள் கொடுத்தது. கிலோவுக்கும் கிகாவுக்கும் உரிய அந்த இரண்டு 'கிபி'யும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே விழுகின்றன. அது போகட்டும், இங்கிலீஷிலும் அவை கடைத்தெருவுக்கு வரவேயில்லை.

இதைவிட வேடிக்கை நம் சீனியர்கள் சட்டைப் பையில் சுமந்த 1.44 எம்.பி. ஃப்ளாப்பி. 2 பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். ஆயிரம் கணக்குப்படி அது 1.47, 1024 கணக்குப்படி 1.41. பிறகு 1.44 எங்கிருந்து வந்தது? ஒரு முறை 1024-ஆல் வகுத்து, மறுமுறை 1000-ஆல் வகுத்தார்கள்! எந்தக் கணக்கிலும் சேராத ஓர் எண்ணை உலகமே வருஷக்கணக்காக ஒப்பித்தது. மனப்பாடத்தின் மகிமை இதுதான்.

இன்னொரு கண்ணி பிட்டும் பைட்டும். வேகத்தை பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். 480 மெகாபிட் என்றால் எட்டால் வகுத்து 60 மெகாபைட். நடைமுறையில் அதில் 30, 40 வந்தாலே பெரிது. ஆர்.எஸ்.-232-ல் 9600 என்று வைத்தால் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும்; எட்டு பிட் எழுத்துக்கு முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட், ஆக மொத்தம் பத்து. இந்த வகுத்தல் தெரிந்தவனை எந்த விளம்பரமும் ஏமாற்றாது.

பொய் சொல்லும் பென் டிரைவ்

உண்மையில் ஏமாற்றுவது எது என்பதையும் பார்ப்போம். நம்ப முடியாத விலைக்கு '2 டெராபைட் பென் டிரைவ்' விற்கிறார்கள். செருகினால் சிஸ்டமும் 2 டெராபைட் என்றே காட்டுகிறது. "சிஸ்டமே சொல்லுதே, அப்புறம் என்ன?" என்று வாங்கிவிடுகிறார்கள்.

சிஸ்டம் எப்படிச் சொல்கிறது? பென் டிரைவ்களில் வழக்கமாகப் பேசப்படும் மொழி 1986-ல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸி கட்டளைகளின் வாரிசு. கம்ப்யூட்டர் "உன் கொள்ளளவு என்ன?" என்று ஒரு கட்டளை அனுப்பும். கன்ட்ரோலர் ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலை அப்படியே நம்பித் திரையில் காட்டுவதோடு சிஸ்டத்தின் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது சில ஜி.பி. ஃப்ளாஷ்தான் என்றாலும், கன்ட்ரோலருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டால் போயிற்று. முதலில் எழுதியவை ஒழுங்காக இருக்கும். உண்மையான இடம் நிரம்பியதும் அடுத்து எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது காற்றில் போகும். பெயர் இருக்கும், அளவு இருக்கும், படம் திறக்காது. காதுகுத்து, கல்யாணம், தாத்தாவின் கடைசிப் படம் எல்லாம் போன பிறகுதான் தெரியவரும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, முழுவதும் எழுதி முழுவதும் திரும்பப் படித்து ஒப்பிடுவது. அதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் உள்ளன. ஸ்கஸி என்பதன் விரிவாக்கம் நம் அனைவருக்கும் தெரியும். அது நம் சட்டைப் பையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது என்பதை யார் நமக்குச் சொன்னார்கள்?

இரண்டு எதிர்வாதங்கள்

"எல்லாம் க்ளவுட்டுக்குப் போயாச்சு, இனிமே டிஸ்க் எதுக்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். க்ளவுட் என்பது வானத்தில் இல்லை ஐயா! யாரோ ஒருவருடைய கட்டடத்தில், ஏ.சி. குளிரில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த அதே ஹார்ட் டிஸ்க், அதே எஸ்.எஸ்.டி. அங்கே பழுதான டிஸ்க்கைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் போகப்போவது டிப்ளமோக்காரன்தான்.

"இதையெல்லாம் தமிழில் பேசினால் இன்டர்வியூவில் என்ன செய்வாய்?" என்பது அடுத்த கேள்வி. நான் ஹார்ட் டிஸ்க்கை 'வன்தட்டு' என்றே எழுத வேண்டும் என்று சண்டைக்கு வரவில்லை. எஸ்.எஸ்.டி.யில் தட்டே கிடையாது என்பதால் அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலீஷ் மட்டும் என்ன வாழ்கிறது? 'டிரைவ்' என்றால் மோட்டார் வைத்துச் சுழற்றுவது, எஸ்.எஸ்.டி.யில் மோட்டார் எங்கே இருக்கிறது? விண்டோஸில் ஹார்ட் டிஸ்க்குக்கு 'சி' என்று ஏன் பெயர்? 'ஏ'வும் 'பி'யும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கியவை. ஃப்ளாப்பி போய்ச் சேர்ந்தும் இடம் காலியாகவே கிடக்கிறது. எந்த மொழியிலும் பெயர்கள் பழசாகும். பொருளைத் தாய்மொழியில் புரிந்துகொண்டவன், பெயரை எந்த மொழியிலும் சொல்லிவிடுவான். பெயரை மட்டும் தெரிந்தவன், "ஏன்?" என்ற ஒரே கேள்வியில் கவிழ்ந்துவிடுவான்.

நாம் என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வைவாவில் விரிவாக்கம் கேட்பதை நிறுத்திவிட்டு, மேஜைமேல் ஒரு குச்சியையும் ஒரு போர்டையும் வையுங்கள். "இது இதில் நுழையும். வேலை செய்யுமா? செய்யாது என்றால் ஏன்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் யார் படித்தவன் என்று தெரிந்துவிடும்.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. லேபின் ஒரு மூலையில் 'செத்த சாமான் மேஜை' ஒன்று போட அனுமதி வாங்குவோம். வீட்டில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க், ஐ.டி.இ. கேபிள், உடைந்த பென் டிரைவ், ஓடாத செல்போன் எதுவானாலும் ஆளுக்கொன்று கொண்டு வருவோம். வாரம் ஒரு சாயங்காலம் சீனியரும் ஜூனியரும் சேர்ந்து கழற்றுவோம். ஒவ்வொன்றின்மீதும் ஒரு சீட்டு ஒட்டுவோம்: எதில் எழுதியது, எந்த வாய், எந்த மொழி. செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் மட்டுமே.

நண்பர்களே! பொறியியல் பட்டதாரி வரைபடத்தைப் பார்க்கிறார். விற்பவர் விலையைப் பார்க்கிறார். பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பவர்கள் நாம்தான். ஊரில் ஒரு சாதனம் ஓடவில்லை என்றால் முதலில் தேடிவருவது நம்மை. அப்படி வருகிறவர் கையில் இருப்பது அவர் உழைத்த பணம், அவர் வீட்டுப் படங்கள், அவர் தொழிலின் கணக்கு. "தெரியலண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பும் டிப்ளமோக்காரராக இருப்பதா, மூன்று கேள்வி கேட்டு அவர் பணத்தைக் காப்பாற்றிக் கொடுப்பவராக இருப்பதா? முடிவு நம் கையில். வரும் வாரமே அந்த மேஜையைப் போடுவோம், வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை